ஜன்னல் வழியாகப் போகும் முதல் ஆள்

ஜவ்வாது மலையில் மேல்பாறை என்று ஓர் ஊர். அந்த ஊருக்கு எது வந்தாலும் களைத்துப்போய்த்தான் வரும்.

ஒடுகத்தூரிலிருந்து கிளம்பும் பஸ், வளைவுக்கு வளைவு மூச்சு வாங்கும். ஒரு தடவை அர்ச்சுனன் வீட்டுச் சினை ஆடு பொறுமை இழந்து பாதி வழியில் இறங்கி நடந்துவிட்டது. பஸ் ஊருக்கு வந்து சேர்ந்தபோது அந்த ஆடு, பிறந்த இரண்டு குட்டிகளோடு நிறுத்தத்தில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. நம்பாதவர்கள் குட்டிகளைக் கேட்டுக்கொள்ளலாம்.

செல்போன் சிக்னலும் அப்படித்தான். கீழேயிருந்து மலை ஏறி வந்து, ஊருக்கு வெளியே இருக்கும் ஆனைப்பாறைமேல் உட்கார்ந்துவிடும். அதற்குமேல் ஓரடி நகராது. வேண்டுமென்றால் நாம்தான் அதைத் தேடிப் போக வேண்டும்.

நதியா, ரஞ்சித், அர்ச்சுனன், மெர்சிலின் நான்கு பேரும் தினமும் சாயங்காலம் தேடிப் போனார்கள். அப்பா அம்மாவிடம் கெஞ்சி வாங்கிய செல்போன்களோடு பாறைமேல் ஏறி, 'கோட்டை' விளையாடினார்கள்.

கோட்டை தெரியுமல்லவா? நான்கு பேரும் நான்கு பேரும் மோதும் விளையாட்டு. ஓர் அணி துப்பாக்கியோடு கோட்டைக்குள் புகுந்து கொடி நட வேண்டும். மற்ற அணி உள்ளே ஒளிந்திருந்து தடுக்க வேண்டும். சுடப்பட்டவர் அந்தச் சுற்று முடியும்வரை அவுட். முதலில் ஐந்து சுற்று ஜெயிக்கும் அணிக்கு வெற்றி.

இவர்கள் தங்கள் அணிக்கு 'மேல்பாறை இடிமுழக்கம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். பெயர் வைத்த நாளிலிருந்து ஒரு தடவைகூட இடிக்கவில்லை.

தோற்றுத் தோற்று, தோற்பதே வீட்டுப்பாடம் மாதிரி ஆகிவிட்டது. புதன்கிழமையும் அப்படித்தான். எதிரே, இவர்கள் பள்ளியிலேயே படிக்கும் சரவணகுமாரின் ஒடுகத்தூர் அணி.

"நான் உள்ள போய்ட்டேன்! வாங்க, வாங்க!" என்று கத்தினாள் மெர்சிலின். அணியிலேயே சின்னவள் அவள்தான். நான்காம் வகுப்பு. அவள் அம்மா சாந்தாமேரியின் கீறல் விழுந்த செல்போனில், எதிரி எது, கீறல் எது என்று கண்டுபிடிப்பதே பாதி வேலை.

"இரு, வரேன்," என்றான் ரஞ்சித். அவன் கோட்டைச் சுவருக்கு வெளியே பத்திரமாகப் பதுங்கியிருந்தான்.

"அவுட்டு," என்றாள் மெர்சிலின்.

"அதுக்குள்ளயா?"

அர்ச்சுனன் கொட்டாவி விட்டான். அந்தக் கொட்டாவி முடிவதற்குள் அவனும் அவுட். பிறகு நதியா. கடைசியில் ரஞ்சித் மட்டும் தனியாக உள்ளே போய், ஒருவனைச் சுட்டுவிட்டு அவுட் ஆனான்.

"பாத்தியா? இன்னிக்கும் நான்தான் ஒருத்தன சுட்டேன்!" என்றான். அவன் எத்தனை பேரைச் சுட்டான் என்பது ஊருக்கே தெரியும். தினமும் அவனே சொல்லிவிடுவான்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் சரவணகுமார் சிரித்தான். "இன்னாபா, இடிமுழக்கமா நீங்க? தூறல்கூட வரலியே!"

நதியாவுக்குப் பதில் சொல்லக்கூடத் தெம்பில்லை. காலையில் பஸ், பகலெல்லாம் பள்ளிக்கூடம், மாலையில் பஸ், அதற்குமேல் ஒரு தோல்வி. ஒரு மனுஷி எவ்வளவுதான் தாங்குவாள்?

அன்று மதியம் ரஞ்சித் அவளைத் தனியாகக் கூப்பிட்டான்.

"நதியா, மெர்சிலின எடுத்துடலாம்."

"எங்க இருந்து?"

"டீம்ல இருந்துதான். தெனம் முதல்ல அவதான் அவுட் ஆவறா. வேலூர்ல எங்க மாமா பையன் அசோக்குமார் கீறான் இல்ல? புது போனு வச்சிருக்கான். அவன சேத்துக்கலாம். சனிக்கிழம ஒடுகத்தூர்காரங்களோட திரும்பவும் ஆட்டம் கீது."

"அவ அழுவாடா."

"அதான் நீ சொல்லு. நீதான கேப்டன்?"

கேப்டன் என்றால் என்ன என்று நதியாவுக்கு அன்றுதான் புரிந்தது. யாருக்கும் பிடிக்காத வேலையைச் செய்பவர்.

அவள் அர்ச்சுனனைப் பார்த்தாள். அவன் பெஞ்சில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். தூக்கத்திலேயே, "நீங்க சொன்னா சரி," என்றான்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் சொல்லிவிடலாம் என்று நதியா முடிவு செய்தாள்.

இங்கே அந்த பஸ்ஸைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். விளையாட்டில் எப்படியோ, பஸ்ஸில் இடம் பிடிப்பதில் இந்த நால்வரை மிஞ்ச அந்த மலையில் ஆளே இல்லை. அந்த பஸ்ஸில் ஒரு ஜன்னலுக்கு மட்டும் கம்பி கிடையாது. பஸ் வந்து நின்றதும் ரஞ்சித்தும் அர்ச்சுனனும் மெர்சிலினைத் தூக்கி அந்த ஜன்னல் வழியாக உள்ளே விடுவார்கள். அவள் மூன்று பேர் உட்காரும் சீட்டில் நீளமாகப் படுத்துக்கொள்வாள். அதற்குள் மற்ற மூவரும் வாசல் வழியாக ஒருவர் பின் ஒருவராக நெருக்கியடித்துக்கொண்டு வந்துவிடுவார்கள். பெரியவர்கள் மூவரும் சீட்டில். மெர்சிலின், கீழே புத்தகப் பைகளின் குவியலில். இடம் பிடித்தவளுக்கு இடம் இல்லை என்பதை யாரும் யோசித்ததில்லை. அவளும்கூட.

வெள்ளிக்கிழமை ஒடுகத்தூரில் சரியான கூட்டம். பஸ் வந்து நின்றது. வழக்கம்போல மெர்சிலின் ஜன்னல் வழியாக உள்ளே போனாள்.

ஆனால் நதியா நின்ற இடத்திலேயே நின்றாள். எப்படிச் சொல்வது, எங்கே ஆரம்பிப்பது என்று அவள் மனசுக்குள் ஒத்திகை ஓடியது. ரஞ்சித் பக்கத்தில் நின்றவரிடம் செல்போன் இரவல் வாங்கி அசோக்குமாரோடு பேசிக்கொண்டிருந்தான். மற்ற இருவரும் நிற்கிறார்களே என்று அர்ச்சுனனும் நின்றான்.

கண்டக்டர் விசில் ஊதிய பிறகுதான் மூவரும் ஓடிப்போய் ஏறினார்கள்.

உள்ளே, அவர்கள் சீட்டில் அதே ஊர்க்காரர் குப்பம்மா உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் அவருடைய புண்ணாக்கு மூட்டை உட்கார்ந்திருந்தது. அதற்கும் பக்கத்தில் இன்னொரு மூட்டை. இரண்டு மூட்டைகளுக்கும் நடுவிலிருந்து மெர்சிலினின் தலை மட்டும் தெரிந்தது.

"இன்னாடி இது?" என்றான் ரஞ்சித். "சீட்ட வுட்டுட்ட?"

மெர்சிலினின் உதடு துடித்தது. "நான் போய்ட்டேன்ணா. படுத்துக்கினேன். 'ஆள் வர்றாங்க, ஆள் வர்றாங்க'ன்னு கத்தினேன். நீங்க யாருமே வரலியே!"

"பாவம், கொழந்த கத்திக்கினேதான் இருந்தா," என்றார் குப்பம்மா. "நானும் எட்டிப் பாத்தேன். ஒருத்தரும் வரல. எவ்ளோ நேரந்தான் நிக்கறது? ஒக்காந்துட்டேன்."

பஸ் புறப்பட்டது. மூவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். முதல் வளைவு வந்தது. கால் வலித்தது. இரண்டாவது வளைவில் முதுகும் வலித்தது.

மூன்றாவது வளைவில் நதியாவுக்கு ஏதோ உறைத்தது.

'நான் போய்ட்டேன். நீங்க யாருமே வரலியே.'

இந்தக் குரலை அவள் எங்கோ கேட்டிருக்கிறாள். எங்கோ என்ன, தினமும் சாயங்காலம் ஆனைப்பாறைமேல்தான்!

"ரஞ்சித்து," என்றாள் மெதுவாக. "தெனமும் பஸ்ல மெர்சிலின்தான முதல்ல போறா?"

"ஆமா."

"அப்போ மட்டும் எப்புடி எடம் கெடைக்குது?"

"நாம பின்னாடியே போறோம் இல்ல?"

"கோட்டையில?"

ரஞ்சித் வாயைத் திறந்தான். நாலாவது வளைவு தாண்டியும் அதை மூடவில்லை.

"பஸ்ஸும் கேமும் ஒண்ணா?" என்று கடைசியில் கேட்டான்.

"ரெண்டுலயும் வாசல் ஒண்ணுதான். முதல்ல போற ஆளு நசுங்கத்தான் நசுங்குவான். பின்னாடியே ஆள் போனா எடம் கெடைக்கும். நீ சுவத்துக்கு வெளிய ஒக்காந்துனு இருக்க. இவன் தூங்கறான். நான் உங்க ரெண்டு பேரயும் பாத்துனு நிக்கறேன். அவ மட்டும் தனியா போயி என்னா பண்ணுவா?"

ரஞ்சித் கம்பியை மாற்றிப் பிடித்தான். "சரி. நாளைக்கு ஒரு ஆட்டம். தோத்தோம்னா அசோக்குமார்தான்."

"என்ன அசோக்குமாரு?" என்று மூட்டைகளுக்கு நடுவிலிருந்து ஒரு குரல் வந்தது.

நதியா பெருமூச்சு விட்டாள். ஒளித்து வைக்க அவளுக்கு மனசு வரவில்லை. "உனக்குப் பதிலா வேற ஆள் சேக்கலாம்னு பேசினோம், மெர்சி. அது தப்பு. நாங்கதான் சரியா ஆடல."

மெர்சிலின் மூட்டைகளுக்கு மேலே தலையை நீட்டினாள். பிறகு, "அவன் ஜன்னல்ல பூருவானா?" என்று கேட்டாள்.

"பூர மாட்டான். குண்டு," என்றான் ரஞ்சித்.

"அப்போ யோசிச்சு சேத்துக்குங்க."

குப்பம்மா சிரித்த சிரிப்பில் இரண்டு மூட்டைகளும் குலுங்கின.

அன்று ஊரில் கரண்ட் இல்லை. செல்போனில் சார்ஜும் இல்லை. அதனால் அர்ச்சுனன் வீட்டு ஆட்டுப்பட்டியில் பழகினார்கள். பட்டி வாசல்தான் கோட்டை வாசல். மெர்சிலின் முதலில் நுழைந்து இடப்பக்கம் பார்ப்பாள். அவள் முதுகை ஒட்டி நதியா நுழைந்து வலப்பக்கம் பார்ப்பாள். ரஞ்சித் நேராக. அர்ச்சுனன் பின்னால்.

"அவுட் ஆனா அழக் கூடாது, மெர்சி. யார் எங்க நிக்கறாங்கன்னு சொல்லு, போதும்," என்றாள் நதியா.

"யாரு நிக்கறா? ஆடுதான்கா நிக்குது."

"அத்தயே சொல்லு!"

"எடது பக்கம் கருப்பு ஆடு! தொட்டி மேல குட்டி ஒண்ணு!"

இருட்டும்வரை நுழைந்தார்கள், வெளியே வந்தார்கள், மறுபடி நுழைந்தார்கள். கால் ஓய்ந்து உட்கார்ந்தபோது, ஆடுகள் தாங்களாகவே எழுந்து வரிசையில் நின்றன. இன்றும் அந்த ஆடுகள் பட்டிக்குள் அப்படித்தான் நுழைகின்றன. முதல் ஆடு இடப்பக்கம் பார்க்கும். இரண்டாவது ஆடு வலப்பக்கம். கடைசி ஆடு பின்பக்கமாகவே நடந்து வரும்.

சனிக்கிழமை சாயங்காலம் நால்வரும் ஆனைப்பாறைமேல் ஏறினார்கள். சிக்னல் அங்கேயே படுத்திருந்தது.

முதல் சுற்றில் தோற்றார்கள். ரஞ்சித்தின் கால்கள் பழக்கதோஷத்தில் சுவருக்கு வெளியே நின்றுவிட்டன.

"பஸ்ஸு போய்டும்டா!" என்று கத்தினாள் நதியா.

அடுத்த சுற்றில் மெர்சிலின் புகுந்தாள். "அவுட்டு! எடது பக்கம், தொட்டிகிட்ட ஒருத்தன்! படிமேல ஒருத்தன்!"

அவளைச் சுட்டவன் துப்பாக்கியைத் திருப்புவதற்குள் நதியா அவனைச் சுட்டாள். படிமேல் நின்றவனை ரஞ்சித் பார்த்துக்கொண்டான். மீதி இருவரும் எங்கே பார்ப்பது என்று திகைத்தபோது, அர்ச்சுனன் கொட்டாவி விட்டபடியே போய்க் கொடியை நட்டான்.

"நட்டுட்டனா?" என்றான். அவனாலேயே நம்ப முடியவில்லை.

அப்புறம் ஒன்று ஜெயிப்பதும் ஒன்று தோற்பதுமாகவே போனது. நாலுக்கு நாலு. இன்னும் ஒரே சுற்று.

மெர்சிலின் செல்போனை மடியில் வைத்துவிட்டாள். "நதியாக்கா, அவுட் ஆயி ஆயி எனக்கு அலுத்துப்போச்சு. இன்னிக்கு ஒரு தடவகூட நான் உள்ள நின்னு பாக்கல."

காற்றுகூடப் பாறைமேல் உட்கார்ந்து கால் நீட்டிக்கொண்டது.

ரஞ்சித் தொண்டையைக் கனைத்தான். "இந்தத் தடவ நான் முதல்ல போறேன்."

"நீயா?" என்றாள் நதியா. "அவுட் ஆய்டுவடா."

"ஆனா ஆவறேன். மெர்சி, நீ என் பின்னாடியே வா. சுவத்துக்கு வெளிய மட்டும் நின்னுடாத. அங்க என்னாட்டம் ஆளுங்கதான் நிப்பாங்க."

ரஞ்சித் புகுந்தான். மூன்றடிகூட வைக்கவில்லை.

"அவுட்டு! வலது பக்கம் கதவுக்குப் பின்னாடி! போ, மெர்சி, போ!"

மெர்சிலின் கதவைப் பார்த்துச் சுட்டாள். இன்னொன்றையும் சுட்டாள். அது கீறல். பரவாயில்லை, கீறலுக்கு வலிக்கவில்லை. நதியா ஒருவனைத் தடுத்தாள். அர்ச்சுனன், வாழ்க்கையில் முதல் தடவையாக, இரண்டு கண்ணையும் முழுசாகத் திறந்து ஒருவனைத் தடுத்தான். மெர்சிலின் நேராக ஓடிப் போய்க் கொடியை நட்டாள்.

திரையில் வெற்றி என்று வந்தது.

யாரும் குதிக்கவில்லை. குதிக்கத் தெம்பில்லை. நான்கு பேரும் பாறைமேல் மல்லாந்து படுத்தார்கள்.

"கடைசி சுத்துல நீ எத்தன பேர சுட்ட?" என்று கேட்டாள் நதியா.

"ஒருத்தனயும் சுடல," என்றான் ரஞ்சித். அதையும் திங்கட்கிழமைக்குள் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டான், பெருமையாக.

திங்கட்கிழமை மாலை ஒடுகத்தூர் பஸ் நிறுத்தத்துக்குச் சரவணகுமாரே தேடி வந்தான்.

"இன்னாபா பண்ணீங்க? எங்க போயி கத்துக்கினீங்க? எனக்கும் சொல்லு, நதியா."

"பஸ்ஸு வருது. நல்லா பாத்துக்க," என்றாள் நதியா.

பஸ் வந்து நின்றது. மெர்சிலின் ஜன்னல் வழியாக உள்ளே போனாள். அவள் சீட்டில் விழுவதற்குள் நதியா வாசலில், நதியாவின் முதுகில் ரஞ்சித், ரஞ்சித்தின் முதுகில் அர்ச்சுனன். சரவணகுமார் வாய் பிளந்து பார்த்தான். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

உள்ளே மெர்சிலின் வழக்கம்போல எழுந்து, பைகளின்மேல் உட்காரப் போனாள்.

"ஏய், எங்க போற?" என்றான் ரஞ்சித். "அங்கயே ஒக்காரு."

"அப்போ நீ?"

"எனக்கு நிக்கத் தெரியும்."

பஸ் மூச்சு வாங்கியபடி மலை ஏறத் தொடங்கியது. முதல் வளைவு வருவதற்குள் மெர்சிலின் ஜன்னலோரமாகத் தூங்கிப்போனாள். மேல்பாறை வரும்வரை, ரஞ்சித் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவள் தலை ஜன்னலில் இடிக்காமல் தன் புத்தகப் பையை நடுவில் அண்டக் கொடுத்தபடியே நின்று வந்தான்.