உயில் கட்டைப் பிரிக்கும் முன்

செத்துப்போன அம்மாவின் பெயரை டவாலி வராந்தாவில் நின்று மூன்றாம் முறை கூப்பிட்டபோது, வாய் சும்மா இருந்திருக்கக் கூடாதா, "இருக்காங்க" என்று சொல்லிவிட்டாள் அவள்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. டவாலி திறந்த வாயை மூடாமல் நின்றார். கோர்ட் வாசலில் நின்று பெயர் கூப்பிடுவதே அவர் பிழைப்பு; அந்தக் குரலுக்காக எல்லோரும் அவரை 'இடி' என்றுதான் சொல்வார்கள். கம்பிவலைக்குப் பின்னால், உயில் கட்டின் சிவப்பு நாடாவை அவிழ்க்கப்போன ரெக்கார்டு கிளார்க், சூடு பட்டதுபோல விரலை எடுத்துக்கொண்டார்.

"யாரும்மா பதில் சொன்னது?"

"நான்தான் சார். பழக்கதோஷம். எங்கம்மாவுக்குக் காது கேக்காது."

உண்மை அதுதான். ஆஸ்பத்திரியோ பேங்கோ, எங்கே அம்மாவின் பெயரைக் கூப்பிட்டாலும் சின்ன வயதிலிருந்தே பதில் சொல்வது இவள்தான். கூட்டத்தில் அம்மா இவளுடைய தோள்பை வாரைப் பிடித்தபடி நிற்பாள். யாராவது உதட்டை அசைத்தால் வாரை ஒரு இழுப்பு இழுப்பாள்; என்னடி சொல்றாங்க என்று அர்த்தம். இவள் திரும்பி, அம்மா உதட்டைப் படிக்கும்படி நிதானமாகச் சொல்வாள். "பயப்படாம உட்காரு. கூப்பிட்டா நான் சொல்றேன்." காது மெஷின் ஒன்றும் வாங்கினார்கள். அது கேட்க வைத்ததைவிடக் கீச்சென்று விசில் அடித்ததுதான் அதிகம். அந்த விசில் அம்மாவுக்கு மட்டும் கேட்காது, மற்றபடி தெருவுக்கே கேட்கும்; அதைச் சொல்லிச் சொல்லி இரண்டு பேரும் சிரிப்பார்கள். அம்மா போன பிறகு பேட்டரியைக் கழற்றி மெஷினை பீரோவில் வைத்துப் பூட்டினாள். அதற்கப்புறம் அந்தப் பெயரை யாரும் கூப்பிடவே இல்லை. இன்றைக்குக் காதில் விழுந்ததும், வெட்கத்தைவிட்டுச் சொன்னால், ஒரு நொடி அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

பள்ளிக்கூடச் சீருடை தைத்துப் பிழைப்பவள். இருந்த இரண்டு அறை வீட்டை அம்மா இவள் பேருக்கு உயில் எழுதியிருந்தாள். கோர்ட்டும் அதை ஏற்று உத்தரவு போட்டிருந்தது. வக்கீல் வாங்கிக் கொடுத்த நகல், கூரை ஒழுகி ஒரே ராத்திரியில் கூழாகிப்போனது. வக்கீலும் இப்போது உயிரோடு இல்லை. அது தெரிந்த நாளிலிருந்து அண்ணன், "உயிலா? எந்த உயில்?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டான். வெள்ளிக்கிழமை வீட்டை வாங்குகிறவனையும் ஒரு புதுப் பூட்டையும் கூட்டிக்கொண்டு வருகிறானாம். அதற்குள் முத்திரை போட்ட நகல் கைக்கு வராவிட்டால், தையல் மெஷினோடு இவள் நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான்.

கட்டைக் கண்டுபிடிப்பதற்குள் போதும் போதுமென்று ஆகிவிட்டது. முதலில் போனது தப்பான கோர்ட். அம்மா செத்த இடத்துக் கோர்ட் இல்லையாம், குடியிருந்த இடத்துக் கோர்ட்டாம். பிறகு தப்பான ஜன்னல். "செத்த வருஷம் கேக்கலம்மா, மனு போட்ட வருஷம்" என்று ஒருவர் விரட்டினார். கடைசியில் இந்தக் கிளார்க்தான் மனசு வைத்து, ஏணி போட்டு ஏறி, தூசியைத் தட்டிக் கட்டை இறக்கினார். எல்லாம் கூடிவந்த நேரத்தில் இவள் வாய்.

"உயில் கட்டு பிரிக்கறதுக்கு முன்னாடி இறந்தவங்க பேரை மூணு தடவை கூப்பிடணும். அப்புறம் வாரிசு பேரை," என்றார் கிளார்க். அவர் குரல் இறங்கியிருந்தது. "முதல் பேருக்கு யாரும் பதில் சொல்லக் கூடாது. ரெண்டாவது பேருக்குப் பதில் வராம இருக்கக் கூடாது. அந்தக் காலத்திலேர்ந்து வர்ற வழக்கம். ஏன்னு எனக்கும் தெரியாது. ஆனா மாத்திப் பண்ணி நான் பார்த்ததில்ல."

"இப்ப என்ன சார் பண்றது?"

"மூடறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை கூப்பிடச் சொல்றேன். அதுவரைக்கும் பெஞ்சுல உட்காருங்க. தயவுசெஞ்சு வாயைத் திறக்காதீங்க."

"என் குரலுக்குச் செத்தவங்களே எழுந்து வந்துடுவாங்கன்னு இங்க கிண்டல் பண்ணுவாங்க," என்றார் டவாலி. "நீங்க வேற இருக்காங்கன்னுட்டீங்க." அவர் மட்டும் சிரித்தார்.

வராந்தாவின் கோடியிலிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். வெளியே மழை பிடித்திருந்தது. நனைந்த குடைகளின் ரப்பர் வாடையும், ரெக்கார்டு அறையிலிருந்து வரும் பழைய காகிதத்தின் புளித்த வாடையும், பசை காய்ச்சும் மணமும் ஒன்றாகக் கலந்து தொண்டையில் படிந்தன. அந்தக் கலவைக்கு நடுவே, ஊசி போலக் கூர்மையாக, மூட்டுவலித் தைலத்தின் மணம் வந்தது. அம்மா தூங்கப்போகும் முன் முழங்காலில் தேய்த்துக்கொள்ளும் பச்சைத் தைலம். யாரோ வயசானவர்கள் தடவியிருப்பார்கள், கோர்ட்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு முழங்கால் வலிதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த குடைக்காரர் சட்டென்று எழுந்தார்.

"நான் நிக்கறேன். அவங்க உட்காரட்டும், பாவம்."

"யாரு?"

அவர் இவள் தோளுக்குப் பின்னால் பார்த்து மரியாதையாகத் தலையசைத்துவிட்டு, குடையை விரித்துக்கொண்டு மழைக்குள் போய்விட்டார்.

அவள் திரும்பவில்லை. காலி இடத்தில் பெஞ்சுப் பலகை மெதுவாக, ஒரு ஒல்லியான உடம்பு உட்கார்ந்தால் எப்படி முனகுமோ அப்படி முனகியது. அதன் பின் தூரத்தில் எங்கோ தொடங்கியதுபோல அந்தச் சத்தம். கீ என்று ஒரு மெல்லிய விசில். பேட்டரி இல்லை, பீரோவில் பூட்டியிருக்கிறது, சாவி தன் பைக்குள் இருக்கிறது. பைக்குள் கை விட்டாள். சாவி இருந்தது. விசில் நிற்கவில்லை.

தோள்பையின் வார் இறுகியது. பலமாக இல்லை. கூட்டத்தில் தொலைந்துபோகாமல் இருக்க ஒருத்தி பிடித்துக்கொள்ளும் அளவுக்கு.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பயத்தால் மட்டும் என்று சொல்ல முடியாது. எத்தனை நாள் அந்த இழுப்பு இல்லாமல் தோள் வெறுமையாக இருந்தது என்று அவளுக்கல்லவா தெரியும். கூப்பிட்ட பேருக்கு இருக்கிறாள் என்று இவளே சொல்லிவிட்டாள். அம்மா நம்பி வந்துவிட்டாள். அவ்வளவுதானே. போம்மா என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போய்விடுவாள், அம்மா பிடிவாதக்காரி இல்லை. ஆனால் சொல்ல வேண்டுமென்றால் திரும்ப வேண்டும். முகத்துக்கு நேரே நின்று, உதடு தெரியும்படி, நிதானமாகச் சொல்ல வேண்டும். அந்த முகம் இப்போது எப்படி இருக்கும் என்று நினைத்ததும் அவளுடைய கழுத்து கல்லாகிவிட்டது.

வெளிச்சம் குறைந்தது. ஒவ்வொரு ஜன்னலாக மூடினார்கள். டவாலி வந்து நின்று தொண்டையைச் செருமினார். கிளார்க் கம்பிவலைக்குப் பின்னாலிருந்து இவளைப் பார்த்து உதட்டில் விரல் வைத்துக் காட்டினார்.

முதல் அழைப்பு. அம்மாவின் பெயர் வராந்தா முழுக்க உருண்டு போனது.

வார் இழுபட்டது. என்னடி சொல்றாங்க?

இரண்டாவது அழைப்பு. வார் மறுபடி இழுபட்டது, கொஞ்சம் பதற்றமாக. என்னைத்தானே கூப்பிடறாங்க? சொல்லேன்டி. அவள் கீழுதட்டைப் பல்லால் கடித்தாள். ரத்தம் உப்புக் கரித்தது.

மூன்றாவது அழைப்பு.

வார் விட்டு விட்டு, கெஞ்சுவதுபோல இழுபட்டது. அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். மன்னிச்சிடும்மா. வீடு போயிடும்மா. போயிடும்மா நீ.

"யாருமில்லை," என்றார் டவாலி.

வார் தளர்ந்தது. தைல மணம் போனது. விசிலும் நின்றது. தான் அம்மாவை இரண்டாம் முறை சாகடித்துவிட்டதாக அவளுக்குத் தோன்றியது. ஆனாலும் மூச்சு வந்தது. கிளார்க் நாடாவில் விரல் வைத்தார். இனி இவள் பெயர். பதில் சொன்னால் முடிந்தது.

டவாலி மூச்சை இழுத்து வாயைத் திறந்தார்.

சத்தம் வரவில்லை.

அவர் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. வாய் திறந்து மூடியது. வெளியே மழை கொட்டியது, அதுவும் சத்தமில்லாமல். தலைக்கு மேல் விசிறி சுற்றியது, அதுவும். விசில் நிற்கவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. கேட்பதுதான் நின்றிருந்தது.

"இருக்கேன்," என்றாள். குரல் வந்ததா? தெரியவில்லை. "இருக்கேன் சார்!" தொண்டை அதிரவில்லை. டவாலி பெஞ்சைப் பார்த்தார். பெஞ்சுக்கு அப்பால் பார்த்தார். மறுபடி வாயைத் திறந்தார். இது எத்தனையாவது அழைப்பு? அவள் எழுந்து அவர் முன்னால் போய் நின்று கையை ஆட்டினாள். அவர் கண் சிமிட்டவில்லை.

அம்மாவோடு இத்தனை வருஷம் இருந்ததில் உதடு படிக்க அவளுக்கும் கொஞ்சம் தெரியும். கிளார்க்கின் உதடு சொன்னது: வாரிசு வரலை.

அவர் நாடாவை இறுக்கி முடிச்சுப் போட்டார். கட்டைத் தூக்கிக்கொண்டு அடுக்குகளுக்கு நடுவே நடந்தார். அவள் பின்னாலேயே ஓடினாள். அவர் ஏணியில் ஏறி, கட்டை உள்ளே தள்ளி, இறங்கி, அவளைக் கடந்து வெளியே போனார். கதவு சாத்தப்பட்டது. பூட்டுகிறாரா? தெரியவில்லை. எதுவும் கேட்கவில்லை.

தோளைத் தொட்டுப் பார்த்தாள். பை இல்லை.

இருட்டில், கட்டுகளுக்கு நடுவே, பை வேறொரு தோளில் தொங்கியது. அதன் வாரை அவளுடைய கையே இறுகப் பிடித்திருந்தது. எப்போது பிடித்தாள்? வேறு வழி தெரியாமல் அவள் வாரை ஒரு இழுப்பு இழுத்தாள்.

அம்மா திரும்பினாள். காதோரம் மெஷின் இருந்தது. முகம் பழைய முகம்தான், அதே பிரியம்தான். கண் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் பூஞ்சை பூத்திருந்தது. மகள் படிக்கும்படி உதட்டை நிதானமாக அசைத்தாள்.

"பயப்படாம உட்காரு. கூப்பிட்டா நான் சொல்றேன்."