லாரியிலிருந்து இறங்கிய பெட்டி

"கையை எடுங்க... லாரி கிளம்பணும்!"

"மாட்டேன்!"

மழை கொட்டிக்கொண்டிருந்தது. காலி செய்யப்பட்ட இன்சூரன்ஸ் ஆபீஸ் வாசலில் நின்ற லாரியின் பின்கதவை இரண்டு கையாலும் பற்றியிருந்தாள் அவள். நண்பர்கள் அவளுக்கு வைத்த பெயர் ஊசி. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்துவதுதான் வேலை. பேச்சும் கிட்டத்தட்ட அப்படியே. எங்காவது பழைய கம்ப்யூட்டரைத் தூக்கி எறிகிறார்கள் என்று காதில் விழுந்தால் ஓடிப்போய் மீட்டுவரும் ஏழு பேர் கூட்டத்தில் அவளும் ஒருத்தி. இன்றைக்குத் தகவல் தாமதமாகத்தான் வந்தது. போட்டிருந்த வெள்ளைக் கோட்டோடு ஓடிவந்திருந்தாள்.

தார்ப்பாய்க்கு அடியில் எட்டிப் பார்த்தது அந்தப் பெட்டி. திரையும் கீபோர்டும் ஒன்றாக ஒட்டிப் பிறந்தது... அவள் பிறப்பதற்கு முன்னால் செய்தது. இதுவரை படத்தில்தான் பார்த்திருக்கிறாள்.

"அந்த ஒண்ணை மட்டும் குடுங்க. புண்ணியமாப் போகும்."

"முடியாதுங்க." பழைய சாமான்களை நொறுக்கும் யார்டின் பொறுப்பாளன் அவன். மூக்கு நுனியில் தண்ணீர் சொட்ட, ஒரு தாளை நனையாமல் சட்டைக்குள் அணைத்திருந்தான். "உள்ள ஜனங்களோட விவரம் எல்லாம் இருக்கு. மொத்தத்தையும் நொறுக்கிட்டேன்னு நான் கையெழுத்துப் போடணும். ஒண்ணு குறைஞ்சாலும் என் வேலை போயிடும்."

"சரியான கல்நெஞ்சு உங்களுக்கு."

"குப்பைக்குப் போய் இவ்ளோ வக்காலத்தா? வேற வேலையே இல்லையா?"

குப்பை... அவளுடைய அண்ணன் தினமும் சொல்லும் வார்த்தை. சுருக்கென்று தைத்தது. நிமிர்ந்து பார்த்தாள். மழைத்துளி தங்கிய இமைகளுக்குள்ளே கோபமே இல்லாத கண்கள்... ஐயோ, சொல்லிவிட்டோமே என்று அந்தக் கணமே தவிக்கும் கண்கள். அந்த வாய்க்கு இந்தக் கண்களா?

கதவை விட்டுவிட்டு விறுவிறுவென்று நடந்தாள்.

"ஏங்க... ஒரு நிமிஷம்..."

திரும்பிப் பார்த்தால் அவள் ஊசி இல்லையே!

அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்தாள், எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று மறந்தாள். மீட்டுவந்த பெட்டிகள் அடுக்கிய தன் அறையில் ஒரு திருகாணியைக் கழற்றுவாள், கழற்றியதையே திரும்ப மாட்டுவாள். "என்னம்மா, கால்ல சக்கரம் கட்டிக்கிட்ட மாதிரி சுத்தறே?" என்றாள் அண்ணி. பெட்டி போன தவிப்பு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அப்படியானால் கண்ணை மூடினால் பெட்டியல்லவா தெரிய வேண்டும்?

மூன்றாம் நாள், என்ன நினைத்தாளோ, யார்டு வாசலில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். உள்ளே இரும்பு நொறுங்கும் சத்தம்... காதைப் பொத்திக்கொண்டாள். வந்த வழியே திரும்பிவிட்டாள்.

ஆறாம் நாள் காலை.

"பதினேழாம் நம்பர்!"

வந்து உட்கார்ந்தவன் அந்த யார்டுக்காரன்! கையில் எடுத்த ஊசியோடு நிமிர்ந்தாள் ஊசி.

"என்ன டெஸ்ட்? டாக்டர் சீட்டு எங்கே?"

"சீட்டு இல்லை. உங்க கோட்டுல இந்த இடத்தோட பேர் போட்டிருந்துச்சு... வரிசையில வந்தாத்தான் உள்ள விடுவோம்னாங்க." அவள் கையைப் பார்த்து வெளிறினான். "அதைக் கொஞ்சம் அப்பால வைங்களேன். எனக்கு ஊசின்னாலே ஆகாது."

"ஊசின்னாலேயா?" சிரிப்பை உதட்டுக்குள்ளேயே கடித்தாள்.

அவன் ஒரு தாளை நீட்டினான். "விவரம் இருந்த டிஸ்கை மட்டும் கழட்டி நொறுக்கிட்டேன். மிச்சப் பெட்டியை உங்களுக்குக் குடுக்கலாம்னு அந்த ஆபீஸ் மேனேஜர்கிட்ட எழுதி வாங்கியிருக்கேன். நாலு நாள் நடந்தேன். வெளியே வேன்ல இருக்கு."

மனசு துள்ளியது. வாய்தான் முந்திக்கொண்டது. "குப்பைதானே... நீங்களே வெச்சுக்குங்க."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"பொண்ணு கேட்டுப் போன மூணு வீட்டுலயும், குப்பைக்காரனுக்குப் பொண்ணு இல்லைன்னு சொன்னாங்க. எனக்கு வலிச்ச வார்த்தையை எடுத்து உங்க மேல எறிஞ்சுட்டேன்... தப்புதான். பெட்டியை உங்க வீட்டுல இறக்கி வெச்சுட்டுப் போயிடறேன். அப்புறம் உங்க கண்ணுலயே படமாட்டேன்."

படமாட்டானா? அதைக் கேட்டதும்தான் அவளுக்குப் பகீரென்றது.

மதியம் லீவு சொல்லிவிட்டு வேனில் ஏறினாள். வழி நெடுக மழை. கண்ணாடியில் வைப்பர் ஆடுவதையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வாசலில் அண்ணன் நின்றான்.

"இன்னும் ஒண்ணா? இந்த வீட்டுல மனுஷங்க இருக்கறதா வேண்டாமா? ஆமா, இவர் யாரு?"

"யார்டுல வேலை பார்க்கறேன், சார்..."

"ஓ, பழைய சாமான்காரரா! அப்படி ஓரமா வெச்சுட்டுக் கிளம்புங்க. உள்ள வர வேண்டாம்."

அவன் முகம் மாறவில்லை. பழகிப்போன முகம். பெட்டியைப் பூப்போல இறக்கினான். திரையில் விழுந்த துளிகளைச் சட்டைக் கையால் துடைத்தான். அவளைப் பார்க்காமலே மழையில் இறங்கி வேனை நோக்கி நடந்தான்.

ஓரடி... இரண்டடி...

எத்தனை நாள் ஏங்கிய பெட்டி! அதை அங்கேயே விட்டுவிட்டு அவள் ஓடினாள். செருப்புக்கூட இல்லை.

"நில்லுங்க!"

"ஏய், மழையில எங்கே..." என்று அண்ணன் கத்தினான்.

"நீயும் கேளுண்ணா. உன் முன்னாடிதான் சொல்லணும்." மூச்சு வாங்கியது. அவனிடம் திரும்பினாள். "ஆறு நாளா ஓரிடத்துல உட்கார முடியலை எனக்கு. பெட்டி போச்சேன்னு நினைச்சேன்... இல்லை. பெட்டி வந்துடுச்சு, இன்னும் அதே தவிப்பாத்தான் இருக்கு. நீங்க போறதைப் பார்க்க முடியலை. உங்களை... எனக்குப் பிடிச்சிருக்கு."

சொல்லி முடித்தவளுக்குக் காது வரை சிவந்தது. மழை பெய்கிறதா நின்றதா என்றே தெரியவில்லை.

"குடை எடுத்துட்டுப் போங்களேன், மரம் மாதிரி நிக்கறீங்க!" என்று உள்ளேயிருந்து அண்ணி அண்ணனை அதட்டினாள். அண்ணன் ஒரு முறை கனைத்தான். வாசலை அடைத்து நின்றவன் மெல்ல நகர்ந்து வழிவிட்டான்.

"ரெண்டு பேரும் உள்ள வந்து பேசுங்க... தெருவே பார்க்குது."

யார்டுக்காரன் மட்டும் அசையவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"எனக்கு லாரிகிட்டயே பிடிச்சுப்போச்சுங்க... வாய்தான் வேற என்னத்தையோ உளறிடுச்சு."