மூலையில் அசைந்த மஞ்சள் கொடி

"பாத்து வாங்க, வழுக்கும்!"

குடையை நீட்டியபடி அவன் சொன்னதுதான் தாமதம், மழையில் ஓடிவந்தவள் சட்டென்று நின்றாள். அந்தக் குரல்!

தோளில் பை, கையில் தலைக்கவசம். நனைந்த இமைகளுக்குக் கீழே இரண்டு கண்கள்... எரிந்தன.

"மெதுவா வந்தா பயந்தாங்கொள்ளின்னு மைக்குல சொல்லுவீங்களே சார்!"

கார் பந்தய வர்ணனையாளனான அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சீசன் முழுக்கத் தலைக்கவச இடுக்கில், டிவி திரையில் மட்டுமே பார்த்த கண்கள். முழு முகத்தோடு இப்போதுதான்...

"பதினேழாம் நம்பர்?"

"இருந்தேன். இப்ப சித்த முன்னாடி வரைக்கும்."

குடை பாதி அவளுக்கு, பாதி அவனுக்கு. மழை இருவருக்கும்.

"கடைசி சுத்துல, வளைவுல வேகத்தைக் குறைச்சேன். 'பயந்துட்டாங்க! அடுத்த சீசன்ல இவங்களை நம்பி யாரு கார் தருவா?'ன்னு சிரிச்சீங்க. எதிர்ல ஒரு கார் கவுந்து கிடந்துச்சு சார். மஞ்சள் கொடி காட்டினாங்க. காட்டினா குறைக்கணும். உங்களுக்கு நான் சொல்லணுமா?"

அவன் குடையை இன்னும் அவள் பக்கமாகச் சாய்த்தான்.

"எங்க டீம் முதலாளிக்கு நீங்க சொன்னா வேதவாக்கு. கார் இல்லைன்னுட்டார். கார் இல்லேன்னா டயர் கடை கல்லாவுல வந்து உக்காருன்னு அப்பா முன்னாடியே சொல்லிட்டார். குடையை நீங்களே வெச்சுக்கங்க. தொண்டை கட்டிக்கப் போகுது... பாவம், நாடே கேக்குற தொண்டை!"

போய்விட்டாள்.

அன்றைக்கே மைக்கில் திருத்திச் சொல்லியிருக்கலாம். சொல்லப் போனான். டிவி தயாரிப்பாளர் மடக்கினார்.

"யோவ், வர்ணனையாளன் தப்பு பண்ணலாம். ஒத்துக்கக் கூடாது. அப்புறம் எவன்யா நம்புவான்?"

அவனுக்கும் அது வசதியாக இருந்தது. வீம்பு, இனிப்பாகத்தான் தொண்டையில் இறங்கும். கசப்பு பிறகுதான்.

ஒரு வாரம் அந்தக் கண்கள் தூங்க விடவில்லை. 'அடுத்த சீசன் யார் கையில்?' நிகழ்ச்சியின் நேரலையில், யாரையும் கேட்காமல் சொல்லிவிட்டான்: "பதினேழாம் நம்பர் பயப்படலை. கொடிக்கு மரியாதை கொடுத்தாங்க. பார்க்காம பேசினது நான்."

தயாரிப்பாளர் தலையில் கைவைத்தார். அன்று காலைதான் அவளுடைய டீம் வேறொருவனை ஒப்பந்தம் செய்திருந்தது.

விஷயம் தெரிந்ததும் டயர் கடைக்கு ஓடினான். மழை விடாமல் துரத்தியது. கல்லாவில் அவள். உள்ளே அப்பா யாருடைய வண்டிக்கோ காற்று அடித்துக்கொண்டிருந்தார்.

"டிவில பாத்தேன். நல்லாத்தான் பேசினீங்க... ஒரு வாரம் லேட்டா."

"அன்னிக்கே சொல்லியிருந்தா...?"

"கார் இருந்திருக்கும்."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்," என்றாள். "கொடி உங்க திரையில வரவே இல்லையா?"

"வந்துச்சு. வலது மூலையில. அப்புறம் வீடியோவைத் திருப்பிப் போட்டுப் பாத்தேன்."

"அப்புறம் எப்படி சார் கண்ணுல படாம போச்சு?"

நாடறிந்த குரல் திக்கியது.

"நான்... உங்க காரை மட்டும்தான் பாத்துட்டிருந்தேன். அன்னிக்கு மட்டுமில்ல. சீசன் பூரா. உங்களைத் தவிர வேற எதுவும் தெரியலை. நீங்க தோத்துடுவீங்களோங்கற பதட்டத்துலதான் அப்படி..."

கடைக்குள் மழை இல்லை. ஆனாலும் அவள் இமைகள் நனைந்திருந்தன.

"பாவி மனுஷா..." என்றாள் மெல்ல. "இதையாவது லேட் பண்ணாம சொல்லியிருக்கக் கூடாதா?"