ஏரிக்கழனிக் கம்பத்தில் ஒரு பிணம்

காலை ஒன்பதரை மணிக்குச் சண்முகசுந்தரம் மின்கம்பத்தின் உச்சியில் இறந்தான். இடுப்புப் பட்டை அவனைக் கீழே விழ விடவில்லை. தலையும் கைகளும் தொங்க, ஏரிக்கழனி ஊர் முழுக்கப் பார்க்கும்படி அங்கேயே கிடந்தான்.

புயல் போய் மூன்று நாளாகியிருந்தது. ஒரகடம் வட்டாரத்தில் சாய்ந்த கம்பங்களை நிமிர்த்தத் தெற்கிலிருந்து லாரி லாரியாக ஆட்கள் வந்திருந்தார்கள். சண்முகசுந்தரம் தென்காசிக்காரன். முகம் தெரியாத ஊருக்கு வெளிச்சம் கொடுக்க வந்தவன்.

உடலை இறக்குவதற்குள் ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது. கம்பத்தில் ஆள் இருக்கும்போது துணை மின்நிலையத்தில் சுவிட்சைப் போட்டுவிட்டார்களாம். அங்கே பணியில் இருந்தவன் தாவீது, உள்ளூர்க்காரன்.

"குடிச்சிட்டுத் தூங்கினு இருந்துருப்பான். போதையில போட்டுக்கீறான்!" என்று முதலில் கத்தியவர் தணிகாசலம். தொழிற்சாலைப் பிள்ளைகளுக்கு அறை அறையாக வாடகைக்கு விடும் மூன்று மாடிக் கட்டடம் அவருடையது. பெரிய மனிதர் சொன்னால் ஊருக்கு வேறென்ன சாட்சி வேண்டும்? தாவீதைச் சட்டையைப் பிடித்து இழுத்து வந்து நடுத்தெருவில் அடித்தார்கள். அவன் குடிப்பவன் அல்ல. அவன் அப்பனும் குடித்ததில்லை. இரண்டு தலைமுறை யோக்கியமாக வாழ்ந்து சேர்த்த பெயரைக் கால் மணி நேரத்தில் மிதித்துத் துவைத்தார்கள்.

பதினொரு மணிக்கு இன்ஸ்பெக்டர் சசிரேகா வந்து இறங்கினார். மின்பொறியியல் படித்துவிட்டுக் காவல்துறைக்கு வந்தவர்.

"கொலகாரனைப் புடிச்சி வச்சிக்கிறோம் மேடம்" என்றார் தணிகாசலம்.

"கொலைன்னு உங்ககிட்ட யார் சொன்னது? தள்ளுங்க."

தாவீதின் நெற்றி கிழிந்திருந்தது. மனைவி ரத்னா முந்தானையால் ரத்தத்தை அழுத்திக்கொண்டிருந்தாள்.

"சுவிட்ச் போட்டீங்களா?"

"இல்ல மேடம்."

"போடச் சொல்லி யாராவது?"

"மேலேருந்து மூணு வாட்டி போன் வந்துச்சி. எப்ப கரண்ட் வுடுவே, எப்ப கரண்ட் வுடுவேன்னு. லைன்ல ஆளுங்க கீறாங்க, அவங்க எறங்கி எங்கிட்ட சொல்ற வரைக்கும் தொடமாட்டேன்னுட்டேன். பூட்டின சாவி என் பாக்கெட்லதான் கீது."

"எங்க மாமனாரும் லைன்மேனா இருந்தவரும்மா" என்றாள் ரத்னா. குரல் உடையவில்லை, கொதித்தது. "ஒரு சொல்லு வாங்குனதில்ல. இன்னிக்கு என் பொண்ணு கண் எதிர்ல இவரைக் கொலகாரன்னு சொல்றானுங்க. இவர் போட்டிருந்தா நீங்க இட்டுகினு போங்க. போடலன்னா எனக்கு ஒரு பதில் வேணும்."

சசிரேகா கம்பத்தை நோக்கி நடந்தார்.

வேட்டியால் மூடிய உடலருகே, தென்காசி ஆட்களின் போர்மேன் மகாராஜா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

"எர்த் கம்பி மாட்டாமலா ஏத்தினீங்க?"

லைனில் தப்பித் தவறி மின்சாரம் வந்தால் அதை மண்ணுக்குள் இழுத்துவிடும் கம்பி அது. மகாராஜா சீறினார். "மாட்டாம ஏத்துவேனா? அந்தா, ஏரிப் பக்கத்துக் கம்பத்துல தொங்குது பாருங்க. சப்ஸ்டேஷன் பக்கம்."

"இந்தப் பக்கம்?"

மகாராஜாவின் தலை தாழ்ந்தது. "அஞ்சு கேங்குக்கு மூணு செட்டுதான் குடுத்திருக்காவ. இந்தப் பக்கம் ஊருதானம்மா. ஊருக்குள்ளேருந்து கரண்டு எப்படி வரும்னு நெனச்சிட்டேன்."

ஏரிப் பக்கத்துக் கம்பத்துக்கும் சண்முகசுந்தரம் ஏறிய கம்பத்துக்கும் நடுவே ஒரு பனைமரம் விழுந்து கிடந்தது. அதனடியில் மூன்று கம்பிகளும் அறுந்து, ஏரிப் பக்கத்து முனைகள் சேற்றில் புதைந்திருந்தன; ஊர்ப் பக்கத்து முனைகள் அந்தரத்தில் தொங்கின.

"இதை எப்போ இழுத்துக் கட்டறதா இருந்தீங்க?"

"அவன் கம்பியைத் தாங்குத பீங்கானை மாத்திட்டு எறங்குன பொறவு."

சசிரேகா ஊருக்குள் திரும்பினார். குடிநீர் லாரிக்காகத் தெரு நீளத்துக்குக் குடங்கள் காத்திருந்தன. மூன்று நாளாக ஒரு வீட்டிலும் மோட்டார் ஓடவில்லை. ஆனால் தணிகாசலத்தின் மாடிகளில் கொடி கொடியாகத் தொழிற்சாலைச் சீருடைகள் காய்ந்தன. அவற்றிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டியது.

"ஜெனரேட்டர் வச்சிருக்கீங்களா?"

"இருந்திச்சி மேடம். ரிப்பேரு. நேத்தே தண்டலத்துக்கு அனுப்பிட்டேன்" என்றார் தணிகாசலம்.

படியில் ஓர் இளம்பெண் தலையில் துண்டோடு நின்றாள். பெயர் எழிலரசி. இருங்காட்டுக்கோட்டையில் வேலை.

"தண்ணி ஏதும்மா?"

"நைட் ஷிப்ட் முடிச்சி வந்தேன் மேடம். பைப்புல தண்ணி வந்துச்சி. மோட்டார் ஓடுது, சீக்கிரம் ரொப்பிக்கோன்னாங்க. எல்லாரும் துணி அலசினோம். நான் தலைக்கு ஷாம்பு போட்டேன், பட்டுனு நின்னுபோச்சி. இன்னும் தலை பிசுபிசுன்னு கீது."

"எப்போ நின்னுது?"

"ஒம்போதரை இருக்கும். அப்பதான் வெளிய ஒரே கத்தல்."

தணிகாசலம் அவளை முறைத்தார். சசிரேகா அதைக் கவனித்தார். கட்டடத்துக்குப் பின்னால் இரண்டு காவலர்களை அனுப்பினார். ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில், தார்ப்பாய்க்கும் வைக்கோலுக்கும் அடியில் ஜெனரேட்டர் இருந்தது. மாடிப்படிக்குக் கீழே மீட்டர் பலகையில் புதிதாக ஒரு கருகல்.

சசிரேகா தெருவுக்கு வந்தார். அடித்தவர்கள் அனைவரும் அங்கேயே நின்றிருந்தார்கள்.

"எல்லாரும் கம்பத்து உச்சியையே பாத்தீங்க. ஒருத்தரும் தரையைப் பாக்கல. சப்ஸ்டேஷன்ல இருந்து வர்ற கம்பி ஏரிப் பக்கமே அறுந்து சேத்துல கிடக்கு. செத்தவர் வேலை செஞ்சது அறுந்த இடத்துக்கு இந்தப் பக்கம். தாவீது நூறு தடவை சுவிட்சைப் போட்டிருந்தாலும் அந்தக் கரண்ட் இவர்கிட்ட வந்திருக்காது."

எல்லாத் தலைகளும் ஏரிப் பக்கம் போயின.

"அப்போ கரண்ட் ஊர்ப் பக்கத்துலேருந்துதான் வந்திருக்கணும். அந்தக் கம்பி போய்ச் சேர்ற இடம் ஒரே ஒரு டிரான்ஸ்பார்மர். இந்தக் கட்டடத்துக்காகவே போட்டது. பதினோராயிரம் வோல்ட்டை நானூறாக் குறைச்சுத் தர்ற பொட்டி அது. அதுக்குள்ள நானூறைப் பின்னாலிருந்து தள்ளினா பதினோராயிரமா வெளிய வரும். போர் மோட்டாரை ஓட்ட ஜெனரேட்டர் ஒயரை மீட்டர் பலகையில சொருகினீங்க தணிகாசலம். மெயின் சுவிட்சை இறக்கல, அதனால கரண்ட் மோட்டாரோட நிக்காம வெளி லைனுக்கும் போச்சு. ஊரே குடத்தோட நிக்கும்போது உங்க பைப்புல தண்ணி. அங்க ஒரு உயிர் கருகிச்சு. இங்க மோட்டார் நின்னுது."

தணிகாசலம் கை கூப்பினார். "தெரியாம நடந்துபோச்சி மேடம்."

"லைனுக்குக் கரண்ட் போனது தெரியாம நடந்தது. ஜெனரேட்டர் மேல வைக்கோல் போட்டது?"

"நாலு பேரு மதிக்கிற குடும்பம் எங்களுது. பொண்ணுக்கு வரன் பாத்துகினு கீறேன். பழி எங்க மேல வந்துட்டா..."

"அதனால அதை இவங்க வாசல்ல கொண்டுவந்து கொட்டினீங்க."

மானம் என்று அவர் நினைத்தது இதைத்தான். தன் குற்றத்தை இன்னொருவன் தலையில் கட்டிக் காப்பாற்றுகிற மானம். தூ!

கூட்டம் சட்டென்று திரும்பியது. "போடுறா அவனை!" என்று ஒரு குரல். ஒருவன் குனிந்து கல்லை எடுத்தான்.

"கீழ போடு!" ரத்னா குறுக்கே வந்து நின்றாள். "அவனுக்காகச் சொல்லல. இவரை அடிக்கும்போதும் உனுக்கு நியாயமாத்தான் இருந்திச்சி. இப்பவும் நியாயமாத்தான் கீது. உன் நியாயம் எங்களுக்கு வேணாம். போடு."

கல் விழுந்தது.

தணிகாசலத்தை ஜீப்பில் ஏற்றினார்கள். பக்கத்தில் நின்ற ஒருவர் இளித்தபடி தாவீதின் தோளைத் தொட்டார். "இன்னா தாவீது, நம்ம ஊரு ஆளுங்கதானே. ஏதோ ஆத்திரத்துல... மனசுல வச்சிக்காதப்பா."

தாவீது அந்தக் கையை எடுத்து விலக்கினான்.

"உங்களை அடிச்சவங்க மேல புகார் தர்றீங்களா?" என்று கேட்டார் சசிரேகா.

"தரேன் மேடம்."

"ஆள் அடையாளம் தெரியுமா?"

"எல்லாரும் எங்கூடப் படிச்சவங்க, எங்க வூட்டுக் கல்யாணத்துல சாப்ட்டவங்க. ஒருத்தர் பேரும் மறக்காது. எழுதிக்குங்க."

தெருவில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் பின்வாங்கத் தொடங்கினார்கள். தாவீது தன் தோளைத் தொட்டவரை நேராகப் பார்த்து, முதல் பெயரைச் சொன்னான்.