ஒன்று கழித்துக் காட்டவும்

இருபத்து மூன்று வீடுகள். ஒவ்வொரு வீட்டிலும் ஏதோ ஓர் அறையில் ஒன்று கழிக்கப்பட்டிருந்தது. ஏன் என்று மட்டும் எங்கும் எழுதியிருக்கவில்லை.

மயூரா அந்தக் கணினி நிரலோடு மூன்று நாளாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அவள் சேர்ந்த கம்பனி, தனியாக வாழும் முதியவர்களின் வீட்டுக் கூரைகளில் அறைக்கு ஒன்றாக வெள்ளைச் சென்சர்களை ஒட்டிவிடும். கமரா இல்லை, மைக் இல்லை. அறையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை மட்டும் அவை சொல்லும். தூரத்திலிருக்கும் பிள்ளைகள் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்தால் ‘குசினி: 1, படுக்கையறை: 0’ என்று, அதாவது சமையலறையில் ஒருவர், படுக்கையறையில் யாருமில்லை என்று தெரியும், பார்த்துவிட்டு நிம்மதியாகத் தங்கள் வேலையைப் பார்க்கப் போவார்கள். பரீட்சார்த்தமாக இருபத்து மூன்று வீடுகளில் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தப் பக்கத்தின் நிரலைப் பிறகு வருபவர்களுக்கும் விளங்கும்படி திருத்துவதுதான் அவளுக்குக் கொடுத்த வேலை. மனேஜர் மோனிகா வெள்ளிக்கிழமை அதைப் பார்ப்பாள். பிடித்தால் வேலை நிரந்தரம், பிடிக்காவிட்டால் நன்றி, வணக்கம். பிள்ளை பிறந்தபின் ஐந்து வருடம் வீட்டோடு இருந்தவளை நம்பி எடுத்த ஒரே இடம் அது. அதனால் இன்று வியாழக்கிழமை, காய்ச்சலோடு கிடக்கும் மகளை அறையில் தூங்கவைத்துவிட்டு, குசினி மேசையில் மடிக்கணினியோடு குந்தியிருந்தாள்.

நிரலோ, பார்ப்பவர் தலையில் கைவைக்கும் இலட்சணத்தில் இருந்தது. ஒரே கோப்பில் நாலாயிரம் வரிகள். பெயரில்லாத எண்கள். ஒரு வீட்டுக்கு எழுதியதை அப்படியே பிரதியெடுத்து அடுத்த வீட்டுக்கும் ஒட்டி, இருபத்து மூன்று முறை. பிரதிகளுக்குள் ஒரே ஒரு வித்தியாசம்தான். முதல் வீட்டில் மூன்றாம் அறையில் ஒன்று கழித்திருந்தது. இரண்டாம் வீட்டில் ஐந்தாம் அறையில். மூன்றாம் வீட்டில் முதல் அறையில். மற்ற அறைகளை யாரும் தொட்டிருக்கவில்லை.

முதல் பிரதியின் தலையில் ஒரு குறிப்பு இருந்தது. ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ். தமிழ் தெரியாத மோனிகாவுக்கும் மற்றவர்களுக்கும் அது ஏதோ குப்பையாகத்தான் தெரிந்திருக்கும்.

‘யாரா இருந்தாலும் சரி, இதைத் தொடாதீங்க. அந்த ரூம்ல ஒண்ணு கழிச்சே காட்டுங்க. ஏதாவதுன்னா கூப்பிடுங்க. ஈஸ்வரமூர்த்தி.’ பக்கத்தில் ஒரு போன் நம்பர்.

மயூராவுக்குச் சிரிப்பு வந்தது. குறிப்பு எழுதுகிறவன் காரணத்தை அல்லவா எழுத வேண்டும்? தொடாதே என்று மட்டும் எழுதிவைத்துவிட்டு வேலையை விட்டுப் போய்விட்டான் மனிதன். ஆரம்பத்தில் சென்சர்கள் ஒன்று கூட்டிக் காட்டியிருக்கும், அதை மறைக்க அவசரத்தில் ஒட்டுப் போட்டிருப்பான் என்று அவள் தீர்மானித்தாள்.

நாலரை மணிக்கு இருபத்து மூன்று பிரதிகளையும் அழித்தாள். அந்த இடத்தில் எல்லா வீட்டுக்கும் எல்லா அறைக்கும் பொதுவாகப் பன்னிரண்டு வரியில் ஒரு ஃபங்ஷன் எழுதினாள். கழித்தல் கிடையாது. சென்சர் சொன்னதை அப்படியே காட்டும். நேரலைக்கு அனுப்பிவிட்டுக் கைகளை நெட்டி முறித்துக்கொண்டபோது, ஐந்து வருடத்துக்குப் பிறகு தான் யார் என்று தனக்கே ஞாபகம் வந்தமாதிரி ஒரு சந்தோஷம் அவளுக்கு.

குளிர்காலம். அவர்கள் இருக்கும் வெரிபீ புறநகரில் அந்த நேரத்துக்கே வெளிச்சம் வடியத் தொடங்கிவிடும். அவர்களுடைய வீட்டுக்கு இரண்டு பக்கமும் பாதி கட்டிய வீடுகள். ஜன்னல் வைக்காத ஓட்டைகளில் நீலப் பிளாஸ்டிக் தாள் காற்றில் படபடவென்று அடித்து, சற்று நின்று, மறுபடி அடித்தது. அடுப்பில் மகள் ஆரணிக்காகக் கொதிக்க வைத்த கொத்தமல்லித் தண்ணீரின் மணமும், அதற்கு அடியில் இன்னும் போகாத புதுக் கார்ப்பெட்டின் நெடியும் வீடெல்லாம் கலந்து கிடந்தன.

தன் வீட்டின் பக்கத்தைத் திறந்தாள். பரீட்சைக்காக அவளுக்கும் ஒரு பெட்டி சென்சர் கொடுத்திருந்தார்கள். ஈஸ்வரமூர்த்தி திருப்பிக் கொடுத்துவிட்டுப் போன பெட்டிதான் அது, இருபத்து மூன்றாம் இலக்கம்.

குசினி: 1. அது அவள். பிள்ளையின் அறை: 1. அது ஆரணி. ஹோல்: 0.

கடைசி அறை: 1.

கடைசி அறையில் யாரும் இல்லை. வீடு மாறி வந்த நாளிலிருந்து பிரிக்காத பெட்டிகள் மட்டுமே அங்கே இருந்தன.

“சென்சர் பழுது,” என்று வாய்விட்டுச் சொன்னாள். ஆனாலும் மற்ற வீடுகளைத் திறந்து பார்த்தாள். ஐந்தாம் வீடு, ஸ்ட்ராத்ஃபீல்டில் ஒற்றையாக இருக்கும் ஓர் அம்மா. சமையலறை: 1, குளியலறை: 1. பதினோராம் வீட்டில் தனியாளாக ஒரு கிழவர். படுக்கையறை: 2. ஒவ்வொன்றாக இருபத்து மூன்றையும் பார்த்தாள். எல்லா வீட்டிலும் ஓர் ஆள் கூடுதல்.

எழுந்துபோய்க் கடைசி அறையைத் திறந்து லைட்டைப் போட்டாள். பெட்டிகள் போட்ட இடத்தில் போட்டபடியே இருந்தன. அட்டை மணம். கூரையில் சென்சரின் பச்சைப் பொட்டு. ஹீட்டரின் இரைச்சல் அந்த அறைக்குள் மட்டும் கேட்கவில்லை என்பது சற்றுத் தாமதமாகத்தான் உறைத்தது. நின்று கேட்டாள். காற்றும் கேட்கவில்லை, பிளாஸ்டிக் தாளும் கேட்கவில்லை. பக்கத்தில் நின்று ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. லைட்டை அணைக்காமலே திரும்பி வந்துவிட்டாள்.

திரையில் கடைசி அறை: 0. ஹோல்: 1.

அவள் ஹோலைக் கடந்துதான் வந்தாள். அதனால் இருக்கலாம். இரண்டு விநாடி பின்தங்கி எண் மாறும். மேசையைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். இரண்டு விநாடி. பத்து விநாடி. குசினி: 1. ஹோல்: 1.

குறிப்பிலிருந்து எழுதிவைத்திருந்த நம்பரைத் தட்டினாள். நாலாவது மணியில் எடுத்தார்கள்.

“ஈஸ்வரமூர்த்தியோ? நான் மயூரா. உங்கட இடத்துக்கு வேலைக்கு வந்தனான். அந்தக் கழிக்கிற விஷயமாக் கேக்க...”

“எடுத்துட்டீங்களா?”

“ஓம். அது என்னெண்டு...”

“எண்ணிட்டீங்க.” அவன் குரல் இறங்கியது. “இத்தன நாளு ஒவ்வொரு வீட்லயும் அது ஒரே ரூம்லதாங்க இருந்துச்சு. யாரும் எண்ணாத வரைக்கும் ஓரமா இருந்துச்சு. இப்ப நடக்குதா?”

மயூரா திரையை மறுபடி பார்த்தாள். ஹோல்: 1.

“பழைய புரோகிராமை அப்படியே திருப்பி வைங்க. ஒரு எழுத்துகூட மாத்தாதீங்க. எந்த வீட்ல எந்த ரூம்னு ஒவ்வொண்ணா பாத்து எழுதுனதுங்க அது. உங்களோடதுல கொண்டுபோய்...”

அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே திரையில் ஹோல் 0 ஆனது.

பிள்ளையின் அறை: 2.

போன் மேசையில் விழுந்து அழைப்பு அறுந்தது. ஓட வேண்டும் என்று கால் சொன்னது. ஆனால் கண் திரையை விட்டு நகரவில்லை. கழித்தால் அது நின்றுவிடும். கழித்தால் போதும். பழைய நிரலைத் தேடி எடுத்து, நாலாயிரம் வரியைத் திருப்பி வைத்து, அது ஏறுவதற்கு எவ்வளவு நேரம்? அதுவும் அந்தக் குப்பை, அவள் மூன்று நாள் பாடுபட்டு ஒழித்த குப்பை. அவளிடம்தான் பன்னிரண்டு வரியில் ஒழுங்கான ஃபங்ஷன் இருக்கிறதே. எல்லாவற்றுக்கும் ஒரே இடம். இதற்காகத்தானே அப்படி எழுதுவது? ஓர் இடத்தில் மாற்றினால் எல்லா இடத்திலும் மாறும்.

ஒரே ஒரு வரியில் ஒன்றைக் கழித்தாள். அனுப்பினாள்.

சக்கரம் சுழன்றது. நின்றது.

பிள்ளையின் அறை: 1.

நெஞ்சிலிருந்த மூச்செல்லாம் வெளியே வந்தது. ஒன்று. அவளுடைய பிள்ளை மட்டும். கடவுளே என்று நெற்றியை மேசையில் வைத்தாள். அழுகைகூட வந்தது. பிறகு தலையை நிமிர்த்தி மற்ற அறைகளைப் பார்த்தாள்.

கடைசி அறை: 0. ஹோல்: 0.

குசினி: 0.

அவள் குசினியில் இருந்தாள்.

அப்போதுதான் உறைத்தது. ஈஸ்வரமூர்த்தி ஒரு வீட்டுக்கு ஓர் அறையில் மட்டும் கழித்திருந்தான். அவளோ எல்லா அறையிலும் கழித்துவிட்டாள். எல்லா வீட்டிலும். ஐந்தாம் வீட்டின் சமையலறை: 0. பதினோராம் வீட்டின் படுக்கையறை: 1. அந்த ஒன்று யார்?

கழித்ததை அழிக்கக் கையைக் கொண்டுபோனாள். விசை அழுந்தியது, சத்தம்கூட வந்தது. திரையில் ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி. மறுபடி. போனை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தாள். திறக்கவில்லை. விரலை வைத்தாள். கண்ணாடியில் ஈரம் படிந்ததே தவிர, போனுக்கு விரல் தெரியவில்லை. ஆளில்லாத அறையில் தானாக அணையும் குசினி லைட் அணைந்தது. கையை வீசினாள். எரியவில்லை.

“அம்மா.”

ஆரணி பக்கத்தில் நின்றாள். வெறுங்கால். நெற்றி முடி வியர்வையில் ஒட்டியிருந்தது. கையைப் பிடித்தாள், காய்ச்சல் சூடு. உண்மையான சூடு.

“அம்மா, என்ர கட்டிலில ஒராள் படுத்திருக்கு.”

மயூரா பிள்ளையை அள்ளி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். இருட்டுக் குசினியில் திரை மட்டும் வெளிச்சமாக இருந்தது. இரண்டு பேர் நிற்கிறார்கள். கழிபட்டது அதுவல்ல, இவர்கள்தான். குசினி: 0.

பிள்ளையின் அறை: 1.

வாசலுக்கு ஓடினாள். கதவின் கைபிடி கையில் பட்டது, குளிர்ந்தது, திரும்பவில்லை. வெளியே நீலத் தாள் படபடத்தது. நின்றது.

பிள்ளையின் அறைக்குள் டாப்லெட் மணி அடித்தது. துஷாந்த். அவள் கணவன். தினமும் வேலை முடிந்து ரெயினில் வரும்போது மகளை அழைப்பான்.

யாரோ எடுத்தார்கள்.

“குஞ்சு, எழும்பிட்டீங்களோ?” கணவனின் குரல் மூடிய கதவுக்குப் பின்னால் தெளிவாகக் கேட்டது. “அம்மாக்கு அடிச்சா எடுக்கிறா இல்லை. வீட்டில ஒராள்தான் எண்டு போன் காட்டுது. அம்மா எங்க?”

“துஷாந்த்!” அவள் கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். “நாங்கள் இஞ்ச நிக்கிறம்! வராதேயுங்கோ! அது...”

“அம்மா வீட்டில இல்லை, அப்பா,” என்றது உள்ளேயிருந்து ஆரணியின் குரல். அதே மழலை, அதே மூக்கடைப்பு. “ஒருத்தரும் இல்லை. நான் மட்டும்தான்.”

ஆரணி தாயின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் வாய் திறக்கவே இல்லை. மயூராவின் தோளில் அந்த வாயின் சூடு பட்டுக்கொண்டிருந்தது.

“பிள்ளையத் தனிய விட்டிட்டு எங்க போனவ?” துஷாந்தின் குரலில் பதற்றம். “பயப்பிடாதேயுங்கோ என்ன. அப்பா கிட்ட வந்திட்டன். பத்து நிமிசம்.”

கட்டில் கிரீச்சிட்டது. யாரோ எழுந்து உட்கார்ந்தார்கள். கார்ப்பெட்டில் காலடி. ஒன்று. இன்னொன்று. பிள்ளையின் காலடியைவிடக் கனமாக. கதவின் கைபிடி உள்ளிருந்து மெல்லத் திரும்பியது.

குசினி மேசையில் தூரத்தே ஒளிர்ந்த திரையில் ஹோல்: 1.

இருட்டில் அது அவர்களைப் பார்த்தபடி நின்றது. கையில் டாப்லெட்டின் வெளிச்சம். அதன் திரையில் துஷாந்தின் முகம் பாசத்தோடு சிரித்துக்கொண்டிருந்தது.

“ஓம் அப்பா,” என்றது அது. “கெதியா வாங்கோ.”