பென்ஜமின் மாமாவின் மெழுகுதிரி

அன்னாவின் கொப்பியில் காலையிலிருந்து மூன்று வரிகள்தான் ஏறியிருந்தன.

அணில், 2. கொட்டைகளை மண்ணில் புதைக்கின்றன.
கொக்குகள், ஏராளம். தெற்கே பறக்கின்றன.
மான், 0.

மான் வராததற்குக் காரணம் வேறு யாருமில்லை, அப்பாதான். டோர்ட்மண்ட் நகரிலிருந்து இந்தக் காட்டுக்குக் காரோட்டி வந்த பசியில், ரோல்ஸ் பலகாரப் பொட்டலத்தைப் பிரிப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

"ஒரு மானையும் காணேல்லையே, பிள்ளை?"

"நீங்கள் பேப்பரைச் சரசரக்கிற சத்தத்துக்கு எல்லா மானும் போலந்துக்குப் போயிருக்கும், அப்பா."

அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அம்மா சிரித்து மூன்று மாதம் ஆகிவிட்டது.

அது 2008ஆம் ஆண்டு. அம்மாவின் ஒரே தம்பி பென்ஜமின் மாமா, ஆகஸ்ட் மாதத்தில் இலங்கையின் மன்னாரில் ஷெல் விழுந்து இறந்துபோனார். போர் நடந்ததால் ஜெர்மனியிலிருந்து யாராலும் அங்கே போக முடியவில்லை. மாமாவை எங்கே அடக்கம் செய்தார்கள் என்றுகூடத் தெரியவில்லை. சேதி வந்த அன்றும் அம்மா அழவில்லை. சமைத்தாள், வேலைக்குப் போனாள், உடுப்புத் தோய்த்தாள். பேச்சு மட்டும் நின்றுபோனது. அழுதாலாவது பக்கத்தில் போய் உட்காரலாம். அழாத அம்மாவை என்ன செய்வது? அன்னாவுக்கு அதுதான் பெரிய பயம்.

இன்று நவம்பர் இரண்டு, இறந்தவர்களை நினைக்கும் ஆத்துமாக்கள் திருநாள். தெரிந்தவர்கள் எல்லாரும் மெழுகுதிரியோடு கல்லறைக்குப் போனார்கள்.

"நான் எந்தக் கல்லறைக்குப் போறது?" என்று அம்மா கேட்டாள். அன்னாவுக்கு இலையுதிர்கால விலங்குகளைப் பார்த்து எழுதும் பள்ளிக்கூட வேலை இருந்தது. அதைச் சாக்காக வைத்து, அப்பா இருவரையும் ஐஃபல் மலைக் காட்டுக்குக் கூட்டிவந்துவிட்டார். ஆனாலும் அம்மாவின் கைப்பைக்குள் ஒரு மெழுகுதிரி இருந்தது.

காட்டின் நடுவே வட்டமான ஏரி. கரையோரத் தண்ணீரில் குமிழிகள் மேலே வந்தபடி இருந்தன.

"தண்ணி கொதிக்குதோ?" என்று அப்பா விரலை நனைத்துப் பார்த்தார். "ஐயோ, ஐஸ் மாதிரிக் கிடக்கு."

அன்னா அங்கிருந்த ஜெர்மன் அறிவிப்புப் பலகையைப் படித்தாள். "கீழை எரிமலை நித்திரை கொள்ளுதாம், அப்பா. அதின்ரை மூச்சுத்தான் இது. சோடாப் போத்திலுக்குள்ளை இருக்கிற அதே வாயு. காத்தைவிடப் பாரமாம்."

கொஞ்சத் தூரத்தில் முழங்கால் ஆழத்தில் ஒரு பள்ளம் இருந்தது. அதற்குள் ஒரு மூஞ்சூறு கிடந்தது. உடம்பில் காயமே இல்லை. தூங்குவதுபோல் இருந்தது. 'மூஞ்சூறு, 1. செத்துவிட்டது' என்று அன்னா எழுதினாள்.

அவள் எழுதி முடித்து நிமிர்ந்தபோது, அம்மா அதே பள்ளத்தின் மறுபக்கத்தில் நின்றாள். அதற்குள் காற்று வீசாது என்று நினைத்து, மெழுகுதிரியைக் கொளுத்தி உள்ளே வைத்தாள். சுடர் படக்கென்று அணைந்தது. வெளியே எடுத்துக் கொளுத்தித் திரும்ப வைத்தாள். அணைந்தது. மூன்றாம் முறையும் அப்படியே.

அம்மா மெழுகுதிரியை வெளியே எடுத்தாள்.

"தம்பிக்கு என்னிலை கோவம்," என்றாள். "கடைசியா ஒருக்கா முகம் பாக்க நான் வரேல்லையெல்லோ. என்ரை வெளிச்சம் அவனுக்கு வேண்டாமாம்."

"அப்படிச் சொல்லாதை, பிளோறன்ஸ்," என்றார் அப்பா.

அன்னா பள்ளத்தைப் பார்த்தாள். அங்கே ஓர் இலைகூட அசையவில்லை. காற்றில்லாத இடத்தில் சுடர் ஏன் அணைய வேண்டும்? காயமில்லாத மூஞ்சூறு ஏன் சாக வேண்டும்?

"அம்மா, உள்ளுக்குக் குனியாதேங்கோ! அப்பா, மெழுகுதிரியைக் கொளுத்தி மெல்ல மெல்லக் கீழை இறக்குங்கோ."

அப்பா விளிம்பில் குந்தியிருந்து கையை நீட்டினார். மேலே சுடர் நன்றாக எரிந்தது. பள்ளத்துக்குள் இறங்கியதும் அணைந்தது. மேலே தூக்கிக் கொளுத்தினார், எரிந்தது. இறக்கினார், அணைந்தது.

"மாமாவுக்கு ஒரு கோவமும் இல்லை, அம்மா," என்றாள் அன்னா. "எரிமலையின்ரை வாயு பாரமெல்லோ, அது பள்ளத்துக்குள்ளை தேங்கி நிக்குது. அதுக்குள்ளை சுடர் எரிய ஏலாது. மூஞ்சூறாலையும் மூச்சுவிட ஏலாது. மேலை வச்சுப் பாருங்கோ."

அம்மா மெழுகுதிரியைப் பக்கத்துப் பாறைமேல் வைத்தாள். அப்பா தொப்பியைக் கழற்றிக் காற்றுக்கு மறைப்பாகப் பிடித்தார். சுடர் நிமிர்ந்து எரிந்தது. மூவரும் நெடுநேரம் செபம் சொன்னார்கள்.

வெயில் சாய்ந்தது. "காட்டுக்குள்ளை நெருப்பை விட்டிட்டுப் போக ஏலாது," என்றார் அப்பா தயங்கியபடி.

அம்மா சுடரைப் பார்த்தாள். விளக்கை வாயால் ஊதி அணைப்பது அவர்கள் வீட்டில் வழக்கமே இல்லை. "தம்பியின்ரை வெளிச்சத்தை நான் என்னெண்டு ஊதுறது?"

அன்னா யோசித்தாள். "ஊத வேண்டாம், அம்மா. பள்ளத்துக்குள்ளை இறக்குங்கோ. தலையை மட்டும் குனியாதேங்கோ."

அம்மா மெழுகுதிரியை இரண்டு கையாலும் எடுத்தாள். விளிம்பில் முழங்காலிட்டு மெல்ல இறக்கினாள்.

"போயிட்டு வா, தம்பி," என்றாள்.

சுடர் சத்தமில்லாமல் அணைந்தது. அம்மா பாறையில் சாய்ந்து, மூன்று மாதத்து அழுகையையும் சேர்த்து அழுதாள். அன்னா பக்கத்தில் போய் உட்கார்ந்து அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது ஏரியின் அக்கரையில் ஒரு மான் தண்ணீர் குடிக்க வந்தது. அன்னா அதைப் பார்த்தாள். ஆனால் அவள் எழுதும் கை அம்மாவின் கைக்குள் இருந்தது. கொப்பியில் மான், 0 என்றே இருந்துவிட்டது.