தாய் ஜாக்கிரதை

மூவாயிரத்து எழுநூற்று அறுபது. வாட்ச் ரிப்பேர்காரர் எனக்குத் தரவேண்டிய பாக்கி அவ்வளவுதான். கால்நடை டாக்டர் பில்லில் எழுதியிருந்த தொகை அது. ஒரு காசு நான் ஏற்றவில்லை. என் கைக்கு ஆன செலவை அதில் சேர்க்கவும் இல்லை.

நான் கட்டிட வேலையில் கலவை சுமக்கிறவன். சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கள் சந்துக்குள் நுழைந்தால் பட்டாணி எதிரே ஓடி வரும். பட்டாணி எங்கள் நாய். உருவம் சின்னது என்பதால் அந்தப் பெயர். அன்றும் வந்தது. சந்தின் நடுவே, துருப்பிடித்த இரும்பு கேட் போட்ட பழைய வீடு ஒன்று உண்டு, அந்த வாட்ச் ரிப்பேர்காரருடையது. உள்ளே எந்நேரமும் பத்திருபது கடிகாரங்கள் ஓடிக்கொண்டிருக்கும், தெருவுக்கே கேட்கும். அன்று அந்த கேட் ஒரு சாண் திறந்திருந்தது.

உள்ளிருந்து வந்த நாய் குரைக்கவில்லை, உறுமவும் இல்லை. பழுப்பு நிறம், கன்றுக்குட்டி உயரம். நேராக வந்து பட்டாணியின் கழுத்தைக் கவ்விவிட்டது. கையிலிருந்த சாப்பாட்டுத் தூக்கால் அதன் முதுகில் நாலு போட்டேன். பஞ்சு மூட்டையை அடித்த மாதிரி இருந்தது. வேறு வழியில்லாமல் தாடையைப் பிடித்துப் பிரித்தேன். பட்டாணியை விட்டுவிட்டு என் இடது முழங்கைக்குக் கீழே பிடித்தது.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது.

நாய் வாசனை இல்லை. நோயாளிக்குப் பூசுகிற பவுடர் வாசனை.

பிறகு அதுவாகவே விட்டது. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தது, யாரையோ தேடி, நான் அந்த ஆள் இல்லை என்று தெரிந்துகொண்ட மாதிரி. திரும்பி கேட்டுக்குள் போய்விட்டது.

என் மனைவி ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறாள். பாதி டாக்டர் என்று நான் கேலி செய்வதுண்டு. அன்று முழு டாக்டராகவே இருந்தாள். குழாயடியில் உட்கார வைத்து, சோப்புப் போட்டு, கால் மணி நேரம் தண்ணீரை விட்டுக்கொண்டே இருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி மிளகாய்த்தூளோடு ஓடி வந்தாள்.

"அதைக் கொண்டுபோய் சமையலுக்கு வைங்க அக்கா. புண்ணுல எதையும் வைக்கக் கூடாது. இறுக்கிக் கட்டவும் கூடாது."

பட்டாணியை ஒரு போர்வையில் சுற்றி அவள் கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனாள். பதினொரு தையல். நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

நர்ஸம்மா அட்டையில் தேதி போட்டுக் கொடுத்தார். இன்றைக்கு ஒரு ஊசி, பிறகு மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினாலாம் நாள், இருபத்தெட்டாம் நாள். காயத்தைத் திரும்பப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எலும்பு வரைக்கும் போயிருக்குண்ணே. இதுக்குப் புண்ணைச் சுத்தியே போடுற மருந்து ஒண்ணு இருக்கு. ஸ்டாக் இல்ல, வர அஞ்சாறு நாளாகும். அதுவரைக்கும் அந்த நாயை தினம் பாருங்க. பத்து நாள் உயிரோட இருந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தா பயமில்ல. செத்தாலோ காணாமப் போனாலோ உடனே ஓடி வாங்க. எங்கேயாவது பெரிய ஆஸ்பத்திரியில கேட்டு வாங்கணும்."

"வெறின்னா வந்தப்புறம் மருந்து இல்லையா?"

"வந்தப்புறம் ஒண்ணும் இல்லண்ணே. கண்ணால பாருங்க. யாராவது சொல்றதைக் கேட்டுட்டு வராதீங்க."

மறுநாள் காலை வேலைக்குப் போகும் முன் அந்த கேட்டில் நின்றேன். மரப்பலகையில் சிவப்பு எழுத்து. நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவன் நான். ஒவ்வொரு எழுத்தாகத்தான் கண் நகரும். வாய்விட்டே படித்தேன்.

"தாய் ஜாக்கிரதை."

வாட்ச் ரிப்பேர்காரர் கேட்டுக்கு அந்தப் பக்கம்தான் நின்றிருந்தார். அறுபது வயதிருக்கும். ஒற்றைக் கண்ணில் மாட்டுகிற கண்ணாடி நெற்றியில் ஏறியிருந்தது. நான் படித்ததைக் கேட்டு முகம் வெளிறிப்போனார்.

கையைக் காட்டினேன். பில்லைக் கொடுத்தேன். நாயைப் பார்க்க வேண்டும் என்றேன்.

"நல்லாத்தான் இருக்கு. ராத்திரி வச்சது காலையில காலி. தட்டு துடைச்ச மாதிரி இருக்கு."

"ஒரு தடவை கண்ணால பார்த்துட்டுப் போயிடறேங்க."

"அதுக்கு வெளிச்சம் ஆகாது." பில்லைச் சட்டைப் பையில் வைத்தார். "பணமெல்லாம் அம்மாகிட்டதான். கேட்டு வாங்கித் தர்றேன்."

சாயங்காலம் மனைவியிடம் சொன்னேன். சிரித்துவிட்டாள்.

"அறுபது வயசுல அம்மாகிட்ட காசு கேக்குற பிள்ளையா? நீ படிச்ச லட்சணத்துக்கு அது 'நா'வா இருக்கும். உனக்குத்தான் ரெண்டும் ஒண்ணாத் தெரியுமே. நேத்து என் பேரையே தப்பா எழுதுன ஆளு."

மறுநாள் நன்றாக உற்றுப் பார்த்தேன். அவள் சொன்னதுதான். நாய் ஜாக்கிரதை. சந்தேகமே இல்லாத 'நா'.

நாலு காலை அப்படியே போனது. அவர் தட்டைக் காட்டுவார், நாயைக் காட்டமாட்டார். தட்டு ஈரமாக, பளபளவென்று இருக்கும். வீட்டுக்குள்ளிருந்து கடிகாரச் சத்தத்துக்கு இடையே இன்னொரு சத்தம் வரும். தரையில் சங்கிலி இழுபடும் சத்தம்.

பட்டாணி வாசலைத் தாண்டுவதில்லை. அந்தச் சந்துப் பக்கம் முகத்தை வைத்து, நாள் முழுக்க மூச்சுக்கூடச் சத்தமில்லாமல் படுத்திருக்கும்.

ஐந்தாம் நாள் எனக்குக் கை மரத்துப்போனது. தண்ணீரைக் குடிக்கும்போதெல்லாம் தொண்டையில் இறங்குகிறதா என்று நானே பார்த்துக்கொண்டேன். பயம் ஆளை அப்படி ஆக்கிவிடுகிறது. விடிந்ததும் போய், கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே நடந்தேன்.

"நீங்க காட்டலேன்னா நான் செத்துப்போவேன் சார். தெரிஞ்சுக்கணும். இருக்கா, இல்லையா?"

அவர் தடுக்கவில்லை. சுவர் நிறையக் கடிகாரங்கள் தொங்கிய கூடத்தைத் தாண்டி, பின்கட்டு அறையின் தாழ்ப்பாளை நீக்கினார்.

இருட்டு. பவுடர் வாசனை. அதற்கடியில் ஈர ரோமத்தின் வாசனை.

கட்டில் இல்லை. தரையில் ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு தண்ணீர்க் கிண்ணம். சுவரில் அடித்த வளையத்தில் ஒரு சங்கிலி.

நாய் இல்லை.

"அம்மாவுக்குக் கடைசியில நினைவு தப்பிடுச்சு," என்றார் மெதுவாக. "என்னைத் தெரியல. கதவு திறந்திருந்தா தெருவுக்கு ஓடிடுவாங்க. யார் ஊட்டுனாலும் கடிப்பாங்க. அவங்க வளர்த்த நாய்கூட மட்டும்தான் சாப்பிடுவாங்க. தரையில, அதே தட்டுல. அதனால ரெண்டு பேரையும் இங்கேயே வச்சேன். வெளியூர்ல மணிக்கூண்டுக் கடிகாரம் நின்னுபோச்சுன்னு கூப்பிட்டாங்க. ஒரு நாள் வேலைன்னாங்க. பூட்டிட்டுப் போனேன்."

"திரும்பி வர எத்தனை நாள் ஆச்சு?"

"நாலு."

சங்கிலியைப் பார்த்தேன். அதன் நுனியில் இருந்த தோல்பட்டை நாய்க் கழுத்துக்குச் சின்னது. மனுஷ மணிக்கட்டுக்குச் சரியாக இருக்கும்.

"ரெண்டுல எது முதல்ல போச்சுன்னு எனக்குத் தெரியாதுங்க. ஆறு வருஷம் ஆச்சு. தட்டு மட்டும் இன்னும் காலியாகுது." கதவை மூடினார். "போர்டுல நான் நாய்னுதான் எழுதினேன். சரியாப் படிச்சது நீங்க ஒருத்தர்தான்."

நான் ஓடினேன். ஆஸ்பத்திரிப் படியேறும்போதுதான் செருப்பு இல்லாதது தெரிந்தது.

"நாய் உயிரோட இருக்காண்ணே?" என்று கேட்டார் நர்ஸம்மா.

"இல்லம்மா."

"எப்ப செத்துச்சு?"

என் முகத்தைப் பார்த்து அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். மத்தியானத்துக்குள் மருந்து வந்தது. புண்ணைச் சுற்றி ஏழு இடத்தில் குத்தினார்கள். அவ்வளவு வலியிலும் எனக்குத் தூக்கம் வந்தது.

அதன் பிறகு அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. வேலைக்குச் சுற்றுவழியாகப் போனேன். பாக்கியைக் கேட்கவும் இல்லை. கால்நடை டாக்டருக்கு மனைவி வாரா வாரம் கொஞ்சம் கட்டினாள்.

இருபத்தெட்டாம் நாள் கடைசி ஊசி. நர்ஸம்மா அட்டையில் கையெழுத்துப் போட்டு, "இனி நிம்மதியா இருங்கண்ணே," என்றார். அந்தத் தைரியத்தில் பழைய சந்து வழியே வந்தேன்.

கடிகாரச் சத்தம் இல்லை. கேட்டில் வெளிப்பக்கமாகப் பூட்டு தொங்கியது.

எதிர்க்கடைக்காரர் சொன்னார். "அவரா? வெளியூர்ல ஏதோ பெரிய கடிகாரமாம். போய் நாலு நாளாச்சு."

நின்றுவிட்டேன்.

உள்ளே ஒரு தட்டு, சிமெண்டுத் தரையில் இழுபட்டது. கொஞ்சம் நின்றது. மறுபடி இழுபட்டது. காலித் தட்டை நாக்கால் தள்ளுகிற சத்தம்.

பட்டாணியைக் கடித்த வாய் அது. என்னைச் சாவு பக்கம் வரை கொண்டுபோன வாய். போயிருக்கலாம். ஆனால் வெறும் தட்டின் சத்தம் எனக்குத் தெரியும். சின்ன வயதில் அதைக் கேட்டு வளர்ந்தவன். கடையில் இரண்டு பாக்கெட் ரொட்டி வாங்கி, உறையைப் பிரித்து, கேட்டுக்கு அடியில் ஒவ்வொன்றாகத் தள்ளினேன்.

நாலாவது ரொட்டியை உள்ளிருந்து ஏதோ வாங்கிக்கொண்டது. பிடுங்கவில்லை. மெதுவாக வாங்கிக்கொண்டது.

மறுநாள் விடியும்போது மனைவி என்னை எழுப்பினாள். வாசலைக் காட்டினாள்.

படியில் வெளிறிப்போன துணி மூட்டை ஒன்று. எச்சிலில் நனைந்திருந்தது. பிரித்தேன். பழைய நோட்டுகளும் சில்லறையும். இரண்டு தடவை எண்ணினேன். மூவாயிரத்து எழுநூற்று அறுபது. நடுவில் மடித்த பில்.

"கணக்கு சரியா இருக்கா?" மனைவியின் குரல் கிசுகிசுப்பாக வந்தது.

"தீர்ந்துச்சு."

பட்டாணி, இருபத்தெட்டு நாளுக்குப் பிறகு முதல்முறையாகப் படியிறங்கியது. துணியை மோந்து பார்த்து வாலை ஆட்டியது.

துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நாலு பல் பதிந்த ஓட்டை. வரும் வழியெல்லாம் வாயில் கவ்வி வந்ததற்கு அடையாளம், நாய்ப் பல்தான்.

ஆனால் நான் பிரித்தது முடிச்சு. சந்தைக்குப் போகும் பெண்கள் காசை முடிவார்களே, இழுத்து, சுற்றி, நுனியை உள்ளே செருகி, அந்த மாதிரி முடிச்சு.

அதைப் போட விரல் வேண்டும்.